'நாம்' என்று சொன்ன பாதிரியார்

குழந்தைகளே! உங்கள் வகுப்பறையில் உலக வரைபடம் இருந்தால், அதில் பசிபிக் பெருங்கடலைத் தேடுங்கள். அந்தப் பெரிய நீலப் பரப்பின் நடுவே, கடுகு சிதறியது போலச் சில தீவுகள் தெரியும். அவைதான் ஹவாய்த் தீவுகள். இன்று அது அமெரிக்காவின் ஒரு மாநிலம். 1800களில் அது ஒரு தனி நாடு. அங்கே மன்னராட்சி நடந்தது.

அந்தத் தீவுகளில் ஒன்றின் பெயர் மொலக்காய். அதன் வடக்குக் கரையில் நாக்கு நீட்டியது போல ஒரு நிலப்பகுதி உண்டு. மூன்று பக்கமும் அலை மோதும் கடல். நான்காவது பக்கம், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்குச் செங்குத்தான மலைச்சுவர். அதன் உயரம் 600 மீட்டர் வரை போகும். உள்ளே போனவர் எளிதில் வெளியே வர முடியாது.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருவர் தானாக விரும்பிப் போனார். 16 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அங்கேயே இறந்தார். கடவுளுக்காகத் தன் வாழ்க்கை முழுவதையும் கொடுத்த அவர்தான் டேமியன் பாதிரியார்.

விவசாயி மகன்

ஐரோப்பாவில் பெல்ஜியம் என்று ஒரு சிறிய நாடு இருக்கிறது. அங்கே டிரெமெலோ என்ற கிராமத்தில், 1840ம் ஆண்டு ஜனவரி 3ம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப். குடும்பப் பெயர் டி வோஸ்டர். அப்பா பயிர் செய்ததோடு தானிய வியாபாரமும் பார்த்து வந்தார்.

ஜோசப் நல்ல உடல் வலிமை உள்ள பையன். வயல் வேலைக்கு அஞ்ச மாட்டான். இவன்தான் நம் வியாபாரத்தைப் பார்த்துக் கொள்ளப் போகிறான் என்று அப்பா நம்பியிருந்தார். அதற்காகவே பிரெஞ்சு மொழி படிக்க வெளியூருக்கு அனுப்பினார்.

ஆனால், மகனின் மனம் வேறு பக்கம் போயிற்று. அவருடைய அண்ணன் ஏற்கெனவே துறவியாகி, பாம்பில் என்ற பெயரோடு லூவன் நகரத்து மடத்தில் இருந்தார். தானும் அங்கே சேர வேண்டும் என்று ஜோசப் ஆசைப்பட்டார். 1859ம் ஆண்டு, 19 வயதில், இயேசு மரியாவின் திரு இருதயங்கள் சபையில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த புதுப் பெயர்தான் டேமியன்.

பாதிரியார் ஆக வேண்டுமானால் அந்தக் காலத்தில் லத்தீன் மொழி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். டேமியனுக்கு அது தெரியாது. ஆகவே மடத்தில் உதவி வேலைகள் செய்யும் சகோதரராக மட்டுமே அவரைச் சேர்த்துக் கொண்டனர். டேமியன் முகம் சுளிக்கவில்லை. ஓய்வு நேரத்தில் அண்ணனிடம் லத்தீன் கற்றார். அவர் வேகமாகக் கற்றதைப் பார்த்த பெரியவர்கள், பாதிரியார் படிப்புக்கு அனுமதி கொடுத்தனர்.

1860ம் ஆண்டு அக்டோபர் 7ம் தேதி, பாரிஸ் நகரில் அவர் துறவற உறுதிமொழி எடுத்தார். சொத்து சேர்ப்பதில்லை, திருமணம் செய்வதில்லை, சபையின் கட்டளைக்குக் கீழ்ப்படிவது என்பவை அந்த உறுதிமொழிகள். அன்று ஒரு சடங்கு நடந்தது. இளந்துறவிகளைத் தரையில் படுக்க வைத்து, இறந்தவர்களுக்குப் போர்த்தும் துணியை அவர்கள் மேல் விரித்தனர். தனக்காக வாழும் வாழ்க்கை இன்றோடு முடிந்தது. இனிமேல் வாழ்வதெல்லாம் கடவுளுக்காக என்பது அதன் பொருள். 20 வயது இளைஞர் அந்தத் துணிக்குள் படுத்து எழுந்தார். அதன் பொருளை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

அண்ணனுக்குப் பதில் தம்பி

படிக்கும் காலத்தில் டேமியன் தினமும் ஒரு படத்தின் முன் நின்று வேண்டிக் கொள்வார். அது புனித சவேரியாரின் படம். ஆமாம், 1540களில் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து பணி செய்தாரே, அதே சவேரியார்தான்! அவரைப் போலத் தன்னையும் தூர தேசத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே டேமியனின் வேண்டுதல்.

1863ம் ஆண்டு, ஹவாய்த் தீவுகளுக்குப் போகும் குழுவில் அண்ணன் பாம்பிலின் பெயர் இருந்தது. கப்பல் கட்டணமும் கட்டியாகி விட்டது. அந்த நேரம் பார்த்து லூவனில் கொள்ளைக் காய்ச்சல் பரவியது. நோயாளிகளைக் கவனிக்கப் போன அண்ணன், தானும் படுத்துவிட்டார்.

தம்பி என்ன செய்தார் தெரியுமா? மடத்துத் தலைவரிடம் கூடக் கேட்காமல், பாரிசில் இருந்த சபையின் பெரிய தலைவருக்கே நேராகக் கடிதம் எழுதினார். அண்ணனுக்குப் பதில் தன்னை அனுப்பும்படி கேட்டார். அப்போது அவர் படிப்பை முடிக்கவில்லை, பாதிரியாரும் ஆகவில்லை. ஆனாலும் அனுமதி வந்தது!

பெற்றோரிடம் விடைபெற்றுக் கப்பல் ஏறினார். அதன்பின் அவர் சொந்த ஊரைப் பார்க்கவே இல்லை.

அப்போது பனாமா கால்வாய் கிடையாது. தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டுதான் கப்பல் போக வேண்டும். நான்கு மாதத்துக்கும் மேல் கடலில் பயணம் செய்து, 1864ம் ஆண்டு மார்ச் 19ம் தேதி ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். இரண்டே மாதத்தில், மே 21ம் தேதி, அந்த ஊர்ப் பேராலயத்தில் பாதிரியாராகப் பட்டம் பெற்றார்.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாயின் பெரிய தீவில் பணி. எரிமலைப் பாறைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த பகுதி அது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகக் குதிரை வேண்டும். சில இடங்களில் படகு வேண்டும். சில இடங்களில் கைகளை ஊன்றி ஏறத்தான் வேண்டும். ஹவாய் மொழியைக் கற்றுக் கொண்டார். கோவில் இல்லாத ஊர்களில் மரம் அறுத்து, ஆணி அடித்துத் தன் கையாலேயே சிறு தேவாலயங்கள் கட்டினார். அப்போது கற்ற தச்சு வேலை பின்னால் அவருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

திரும்ப முடியாத இடம்

வெளிநாட்டுக் கப்பல்களோடு பல புதிய நோய்களும் ஹவாய்க்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று தொழுநோய். அன்று அதற்கு மருந்து கிடையாது. ஏன் வருகிறது என்றும் தெரியாது. தோலில் புண்கள் வரும். விரல்கள் மரத்துப் போகும். நாளாக ஆகக் குறுகிப் போகும். முகம் மாறிப்போகும். மக்கள் பயந்து நடுங்கினர்.

1865ம் ஆண்டு அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. தொழுநோயாளிகளைப் பிடித்து, மொலக்காய்த் தீவின் அந்த நாக்கு போன்ற நிலப்பகுதிக்கு அனுப்பிவிட வேண்டும் என்றது சட்டம். 1866 ஜனவரியில் முதல் குழுவாக 12 பேர் கலவாவோ என்ற இடத்தில் இறக்கி விடப்பட்டனர். குழந்தையிடமிருந்து அம்மாவையும், மனைவியிடமிருந்து கணவனையும் பிரித்துக் கொண்டு போனார்கள்.

அங்கே போனவர்கள் விவசாயம் செய்து பிழைத்துக் கொள்வார்கள் என்று அரசு நினைத்தது. விரல் இல்லாதவர் மண்வெட்டி பிடிப்பது எப்படி? நல்ல வீடில்லை. போதிய துணியில்லை. குடிநீரைத் தூரத்திலிருந்து சுமந்து வர வேண்டும். பலமுள்ளவன் பலமில்லாதவனின் சோற்றைப் பறித்துத் தின்றான். இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி கூட இல்லை; ஆழமில்லாத குழியில் புதைத்து விட்டனர்.

1873ம் ஆண்டு மே மாதம், பிஷப் லூயி மெக்ரே தன் பாதிரியார்களிடம் இதைப் பற்றி வருத்தத்தோடு பேசினார். யாரையும் அங்கே போகும்படி கட்டளையிட அவருக்கு மனம் வரவில்லை. ஆனால், நான்கு இளம் பாதிரியார்கள் தாங்களாகவே முன்வந்தனர். ஒருவர் மாற்றி ஒருவர் சில வாரங்கள் தங்கி வரலாம் என்று முடிவானது. முதல் முறை டேமியனுடையது.

மே 10ம் தேதி அவர் கலவாவோவில் இறங்கினார். வயது 33. மாற்றுத் துணி கூட எடுத்து வரவில்லை. ஏறக்குறைய 600 நோயாளிகள் அங்கே இருந்தனர். இரண்டாவது ஆள் வர வேண்டிய தேவையே ஏற்படவில்லை. தன்னை இங்கேயே விட்டுவிடும்படி டேமியன் கடிதம் எழுதி விட்டார்!

தாழை மரத்தடியில்

அங்கே புனித பிலோமினா பெயரில் ஒரு சிறு தேவாலயம் மட்டும் இருந்தது. பாதிரியாருக்கு வீடு இல்லை. தேவாலயத்தின் அருகில் ஒரு தாழை மரம். நம் ஊர்க் கடற்கரையில் தாழம்பூ பூக்குமே, அந்த இனம்தான். ஆரம்ப நாட்களில் அதன் அடியில்தான் இரவில் படுத்தார்.

கிளம்பும்போது பெரியவர்கள் அவருக்கு ஓர் அறிவுரை சொல்லியிருந்தனர். நோயாளிகளைத் தொடக் கூடாது. அவர்களோடு சேர்ந்து உண்ணக் கூடாது என்பதே அது. அவர் மேல் உள்ள அக்கறையால் சொன்னதுதான்.

ஆனால், அங்கே வந்து பார்த்தால் நிலைமை வேறு. புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும். தொடாமல் எப்படிப் போடுவது? சாகக் கிடப்பவரின் நெற்றியில் ஆசி எண்ணெய் பூச வேண்டும். தொடாமல் எப்படிப் பூசுவது?

உணவும் அப்படித்தான். சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் கூழ் போலச் செய்வது ஹவாய் மக்களின் அன்றாட உணவு. ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் அதில் விரல் விட்டு எடுத்துச் சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் தனிக் கிண்ணம் கொடுங்கள் என்று கேட்டால், உங்களைக் கண்டு அருவருக்கிறேன் என்று சொன்னதாகி விடும். டேமியன் அவர்களோடு உட்கார்ந்தார். அதே சட்டியில் கைவிட்டார்.

அருவருப்பே இல்லையா என்று கேட்கிறீர்களா? இருந்தது! புண்களின் நாற்றம் தாங்காமல் சில நேரம் தேவாலயத்தை விட்டு வெளியே ஓடி வந்து மூச்சு வாங்கினார். அந்த நாற்றத்தை மறைக்கவே சுருட்டுக்குழல் பிடிக்கத் தொடங்கினார். உள்ளே அருவருப்பும் பயமும் இருந்தும், மறுநாள் காலையில் மீண்டும் அவர்களிடம் போனாரே, அதுதான் பெரிய விஷயம்.

இங்கே ஒரு சின்ன இலக்கணம் பார்ப்போமா? நாம், நாங்கள் என்ற இரண்டு சொற்களுக்கும் என்ன வித்தியாசம்? நாங்கள் என்றால், எதிரே இருப்பவர் அதில் சேர மாட்டார். நாம் என்றால், பேசுபவரும் கேட்பவரும் ஒன்றாகி விடுவர். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது. ஆனால், ஹவாய் மொழியில் தமிழைப் போலவே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு.

டேமியன் தன் பிரசங்கங்களில் எதிரே அமர்ந்திருந்தவர்களை, தொழுநோயாளிகளாகிய நீங்கள் என்று அழைக்கவில்லை. தொழுநோயாளிகளாகிய நாம் என்றே பேசினார். அவருக்கு நோய் வந்த பிறகு இப்படிச் சொன்னதாகப் பலர் நினைக்கின்றனர். இல்லை! வந்து சேர்ந்த அதே 1873ம் ஆண்டில், நல்ல உடல்நலத்தோடு இருந்தபோதே அவர் இப்படித்தான் பேசினார். அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டுள்ளார்.

கையில் சுத்தியல்

காலையில் பூசை. பிறகு நோயாளிகளைப் பார்த்துக் கட்டுப் போடுதல். அதன்பின் கையில் சுத்தியலும் ரம்பமும். இதுதான் அவர் வாழ்க்கை.

அரசிடம் கேட்டுக் கேட்டு மரப்பலகைகளை வரவழைத்தார். நடக்க முடிந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு வீடுகள் கட்டினார். குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டு வந்தார். பெற்றோரைப் பிரிந்து வந்த நோயுற்ற குழந்தைகளுக்கு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இல்லங்கள் அமைத்தார். தேவாலயத்தைப் பெரிதாக்கினார்.

அந்த தேவாலயத்தில் ஒரு புதுமை செய்தார். நோயாளிகளுக்கு அடிக்கடி எச்சில் துப்ப வேண்டி வரும். அதற்கு வெட்கப்பட்டே பலர் கோவிலுக்கு வராமல் இருந்தனர். டேமியன் என்ன செய்தார் தெரியுமா? தரைப் பலகையில் ஆங்காங்கே துளைகள் போட்டார். இலையைக் குழல் போலச் சுருட்டி, அதன் வழியாகத் துளைக்குள் துப்பிக் கொள்ளலாம். வெட்கப்பட்டவர்கள் வரத் தொடங்கினர்.

சவப்பெட்டிகளும் செய்தார். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில்! குழியும் அவரே வெட்டினார். உயிரோடு இருந்தபோது ஒதுக்கப்பட்டவர்களை, இறந்த பிறகாவது மரியாதையோடு அனுப்பி வைக்க வேண்டும் என்று நினைத்தார். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வேலியும் போட்டார்.

அழுகை மட்டும் இருந்த இடத்தில் பாட்டும் கேட்கத் தொடங்கியது. பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் உண்டாயின. 1881ம் ஆண்டு இளவரசி லிலியுவோகலானி அங்கு வந்தபோது, நோயாளிகளைப் பார்த்துத் துக்கம் தாங்காமல் பேச முடியாமல் நின்று விட்டார். பிறகு டேமியனுக்கு நாட்டின் உயரிய விருது ஒன்றை அனுப்பி வைத்தார்.

டேமியனிடம் குறையே இல்லையா? உண்டு. முன்கோபக்காரர். பிடிவாதக்காரர். மரம் வேண்டும், துணி வேண்டும், மருத்துவர் வேண்டும் என்று அதிகாரிகளை விடாமல் நச்சரித்தார். இவரோடு வேலை செய்வது கடினம் என்று பெரியவர்களும் குறைப்பட்டனர். ஆனால், தனக்காக அவர் எதையும் கேட்டதில்லை.

படகிலிருந்து ஒரு குரல்

அவர் பட்ட துன்பங்களில் பெரியது தனிமை. கிறிஸ்தவத் துறவிகள் தம் குற்றங்களை இன்னொரு பாதிரியாரிடம் ரகசியமாகச் சொல்லி மன்னிப்புப் பெறுவர். இதற்குப் பாவசங்கீர்த்தனம் என்று பெயர். ஆனால், கலவாவோவில் வேறு பாதிரியார் இல்லை. அவர் வெளியே போகவும் அரசு தடை போட்டது.

ஒருமுறை சபைத் தலைவர் ஒருவர் கப்பலில் வந்தார். அவரைக் கரையில் இறங்கவும் விடவில்லை. டேமியனைக் கப்பலில் ஏறவும் விடவில்லை. டேமியன் சிறு படகில் கப்பலின் பக்கத்தில் போய் நின்றார். மேலே நின்ற தலைவரை நோக்கி, தன் குற்றங்களைப் பிரெஞ்சு மொழியில் உரக்கச் சொன்னார். எல்லோர் காதிலும் விழுகிறதே என்று அவர் வெட்கப்படவில்லை.

சுடாத வெந்நீர்

1884ம் ஆண்டு டிசம்பர் மாதம். களைத்து வந்த டேமியன் ஒரு பாத்திரத்தில் இருந்த வெந்நீரில் காலை வைத்தார். கால் கொப்பளித்து விட்டது. ஆனால், அவருக்குச் சுடவே இல்லை!

தொழுநோய் முதலில் நரம்புகளைத்தான் தாக்கும். உணர்ச்சி போய்விடும். இத்தனை ஆண்டுகள் நோயாளிகளோடு வாழ்ந்தவருக்கு அதன் பொருள் உடனே புரிந்தது. மருத்துவரும் பரிசோதித்து உறுதி செய்தார்.

டேமியன் வேலையை நிறுத்தவில்லை. முன்பை விட வேகமாகச் செய்தார். தனக்குப் பின் இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்பதே அவர் கவலை. அந்தக் கவலையும் தீர்ந்தது. 1886ம் ஆண்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணிபுரிந்த ஜோசப் டட்டன் என்பவர் உதவிக்கு வந்தார். 1888ம் ஆண்டு மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரி தன் தோழியருடன் வந்து சேர்ந்தார்.

1889ம் ஆண்டு ஏப்ரல் 15ம் தேதி, 49 வயதில் டேமியன் காலமானார். நோயாளிகள் அவரைச் சுமந்து சென்றனர். முதல் நாட்களில் அவர் படுத்துறங்கிய அதே தாழை மரத்தடியில் அடக்கம் செய்தனர்.

எழுத்தாளரின் பதில்

புதையல் தீவு கதையைப் படித்திருப்பீர்கள். அதை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், டேமியன் இறந்த அடுத்த மாதமே மொலக்காய் சென்று ஒரு வாரம் தங்கினார். மக்களிடம் விசாரித்தார். பிறகு, டேமியனைப் பற்றி இழிவாக ஒருவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்தது. ஸ்டீவன்சன் கோபம் கொண்டு, 1890ம் ஆண்டு அதற்கு நீண்ட பதில் எழுதி வெளியிட்டார். டேமியனின் குறைகளை அவர் மறைக்கவில்லை. மற்றவர்கள் வசதியாக வீட்டில் இருந்தபோது, அங்கே போனவர் அவர் ஒருவர்தானே என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

1936ம் ஆண்டு டேமியனின் உடலைப் பெல்ஜியம் கொண்டு சென்று லூவனில் வைத்தனர். மொலக்காய் மக்கள் வருந்தினர். 1995ம் ஆண்டு அவருடைய வலது கையின் எலும்புகள் மட்டும் பழைய கல்லறைக்குத் திரும்பி வந்தன. கட்டுப் போட்ட கை, சுத்தியல் பிடித்த கை, ஒரே சட்டியில் உண்ட கை அல்லவா அது! 2009ம் ஆண்டு அக்டோபர் 11ம் தேதி கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

கடவுளுக்காக வாழ்வது என்றால் நாள் முழுவதும் கண்மூடி வேண்டுவது மட்டும்தான் என்று சிலர் நினைக்கலாம். டேமியனும் தினமும் வேண்டினார். அந்த வேண்டுதலில் கிடைத்த பலத்தோடு எழுந்து போய், யாரும் தொடாதவர்களைத் தொட்டார்.

உங்கள் வகுப்பிலும் யாரும் பக்கத்தில் உட்காராத ஒரு மாணவன் இருக்கலாம். யாரும் விளையாட்டில் சேர்க்காத ஒரு மாணவி இருக்கலாம். நாளைக்கு மதியம் உங்கள் சாப்பாட்டு டப்பாவோடு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். நாம் சேர்ந்து சாப்பிடலாம் என்று சொல்லுங்கள்.

தெரிந்து கொள்வோம்

* டேமியன் மொலக்காய் சென்ற அதே 1873ம் ஆண்டில், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார்.

* தொழுநோய் கடவுளின் சாபம் அல்ல. பரம்பரை நோயும் அல்ல. அது ஒரு கிருமியால் வருவது. பெரும்பாலானோருக்கு அதை எதிர்க்கும் சக்தி உடலிலேயே உண்டு.

* இன்று கூட்டு மருந்து சிகிச்சையால் தொழுநோயை முழுமையாகக் குணப்படுத்தலாம். நம் நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே நோய் மற்றவருக்குப் பரவும் நிலை மாறிவிடும்.

* தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காமல் பெரியவர்களிடம் சொல்லி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

* ஹவாயில் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் சட்டம் 1969ம் ஆண்டில்தான் நீங்கியது. அதுவரை ஏறக்குறைய 8,000 பேர் மொலக்காய்க்கு அனுப்பப்பட்டிருந்தனர்.

* காந்தியடிகளின் நினைவு நாளான ஜனவரி 30ம் தேதி, இந்தியாவில் தொழுநோய் எதிர்ப்பு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.